நாங்கள் கொடுத்த ஐந்து பெயர்கள்

நிருபரின் உடலை எடுக்கும்போது அங்கே இருந்தவர்கள்: அவர் மனைவி, மகள், அண்ணன், தெருமுனை டீக்கடைக்காரர், கோழிப்பண்ணையில் வேலை செய்யும் இரண்டு பெண்கள், நான். அவர் முன்பு வேலை பார்த்த பத்திரிகையிலிருந்து ஒருவரும் வரவில்லை.

நான் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். ஐந்தாவது வரை படித்தேன். எங்கள் வெல்டருக்கு வேலையில் ஒரு கண் போனது. முகத்துக்குப் பிடிக்கும் கறுப்புக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. மாற்றித் தரச் சொல்லி இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கண் போனதும் முதலாளி அவரை நிறுத்திவிட்டார். அவரைத் திரும்ப எடுக்கச் சொல்லி, அவரோடு நாங்கள் நான்கு பேர் பட்டறை வாசலில் உட்கார்ந்தோம்.

மூன்றாம் நாள் நிருபர் மொபெட்டில் வந்தார். எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனார். பத்திரிகையில் வரவில்லை. முதலாளி அதற்கு விளம்பரம் கொடுப்பவர். நிருபர் திரும்பி வந்து, தான் சும்மா எழுதும் வலைப்பூ ஒன்று இருக்கிறது, அதில் போடுகிறேன் என்றார். அதில் என்ன கிடைக்கும் என்று வெல்டர் கேட்டார். கரன்ட் பில்தான் என்றார். எல்லோரும் சிரித்தோம்.

பிறகு, "பேர் போடட்டுங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

நாங்கள் யோசிக்கவில்லை. வண்டி முடிந்தால் பின்பக்க மூலையில் செய்தவர் பெயரைச் சிறிதாக எழுதுவது எங்கள் வழக்கம். நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்: "போடுங்க. செஞ்சவன் பேரில்லாம ஒரு வண்டி எங்க பட்டறைய உட்டுப் போனதில்லைங்க."

ஐந்து பெயரும் வந்தன. முதலாளி எங்களையும் நிறுத்திவிட்டு, அந்தப் பக்கத்தை நகல் எடுத்து மற்ற பட்டறைகளுக்கெல்லாம் கொடுத்தார். திருச்செங்கோடு வரை அலைந்தும் எங்களுக்கு வேலை இல்லை. ஒரு மேஸ்திரி அந்தத் தாளை என்னிடமே நீட்டி, "ஏனப்பா, பேரையும் நீயே எழுதிக் குடுத்துட்டு இங்க வந்து நிக்கறயே" என்றார்.

நிருபர் வீட்டுக்குப் போனேன். கோபமாகத்தான் பேசினேன். அவர் என் எதிரிலேயே ஐந்து பெயரையும் நீக்கினார். "நாளைக்கு நான் போய்ப் பேசிக்கறேன் சாமி. நீங்க வேலைக்குப் போற வழியப் பாருங்க" என்றார்.

மறுநாள் முதலாளியிடம் போய், பெயர்களை அவர்கள் தரவில்லை, கேட்காமல் நானே போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். ஒரு நிருபருக்கு அதைவிடக் கேவலம் இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. அதையே காரணமாகச் சொல்லி பத்திரிகை அவரை நிறுத்தியது. எங்கள் நான்கு பேரையும் முதலாளி திரும்பச் சேர்த்துக்கொண்டார். வெல்டரைச் சேர்க்கவில்லை. அவர் தன் ஊர் தம்மம்பட்டிக்கே போய்விட்டார்.

நிருபருக்கு வேலை போனது தெரிந்தும் நான் போய்ப் பார்க்கவில்லை. ஆறு வருடம்.

காரியத்தன்று அவர் மகள் அந்த வலைப்பூவைப் போனில் காட்டினாள். வேலை போன பிறகும் எழுதியிருக்கிறார். அம்மாபேட்டைத் தறிக்காரர்கள், எருமப்பட்டிக் கோழிப்பண்ணைப் பெண்கள். எதிலும் ஆள் பெயர் இல்லை. "ஒரு தொழிலாளி சொன்னார்" என்றுதான் இருந்தது.

எங்களுக்கு அப்புறம் எத்தனை எழுதினார் என்று கேட்டேன். அவள் திரையைத் தள்ளித் தள்ளி எண்ணினாள்.

நூற்றுப் பதினான்கு.