பெத்லெகேம் வானம் குடித்த டோனர்

அக்கரப்பத்தனைப் பக்கம் நான் படிப்பித்த தேயிலைத் தோட்டத்தில், வீட்டில் லேசர் பிரிண்டர் வைத்திருந்த ஒரே ஆசிரியன் நான்தான். ஹட்டனில் ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோர் கழித்துவிட்ட பிரிண்டர். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்ததில் இரண்டு காலும் மரத்துப்போய்விட்டன. இறங்கும்போது பிரிண்டரைக் கண்டக்டர் தூக்கினார், என்னை மனைவி தூக்கினாள். அதற்குப் பிறகு கல்யாணம், கருமாதி என்று ஆட்கள் வீடு தேடி வரத் தொடங்கினார்கள். நானும் ஒரு பத்திரிகை முதலாளி மாதிரி நடமாடத் தொடங்கினேன்.

அந்த வருட நத்தாருக்குக் கரோல் குழு என் மனைவியின் பொறுப்பில் வந்தது. அவளுக்கு அது முதல் தடவை. எங்கள் கரோல், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள் வழியே, லயம் லயமாகப் போகும். பொழுது சாயும் நேரத்துப் பனிமூட்டத்தில், டோர்ச் வெளிச்சத்தில், தாளைப் பார்த்துப் பாட வேண்டும். முந்திய வருடம் காபன் தாள் வைத்து எழுதிய தாள்களை யாராலும் வாசிக்க முடியவில்லை. குழுவில் பாதிப்பேருக்குப் பாட்டில் பாலன் இயேசு இன்னும் பிறக்கவில்லை, மீதிப்பேருக்கு ஞானிகள் காணிக்கை கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

“ஏங்க, எழுத்து பெருசா, கறுப்பா இருக்கணும். இந்தத் தடவையும் கொழம்பிருச்சுன்னா கோயில் பக்கமே நான் மூஞ்சியக் காட்ட முடியாது” என்றாள் மனைவி.

“எங்கிட்ட விட்டுரு” என்றேன்.

விட்டாள், பாவம். நான் கொம்பியூட்டரில், தாளின் மேல் பாதியில் பெத்லெகேமின் இரவு வானத்தை வரைந்தேன். முழுக்க ஒரே கறுப்பு, நடுவில் மட்டும் ஒரு வெள்ளை நட்சத்திரம். அதன் அழகில் நானே மயங்கிப்போனேன். ஓரம் சரியா என்று பார்க்க ஒன்று, ஃபாதருக்குக் காட்ட ஒன்று, பள்ளிக்கூட அதிபருக்குக் காட்ட ஒன்று, சும்மா நான் பார்த்து ரசிக்க இன்னும் சில என்று அடித்துத் தள்ளினேன். கரோலுக்குரிய சனிக்கிழமை பாட்டை அடிக்க உட்கார்ந்தால், எழுத்து சாம்பலாக வந்தது. ஹட்டன் பாதையில் காலையிலேயே மண்சரிவு. பஸ் இல்லை. மைத்தூள் நிரப்பிய புது டோனரும் இல்லை, போட்டோகொப்பியும் இல்லை.

“ஆகாயத்துக்கே எல்லாத்தையும் ஊத்திட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு மனைவி தலையில் கைவைத்தாள்.

அப்போது உள்ளே வந்தான் அவள் தம்பி. தேயிலை பெக்டரியில் சல்லடைப் பக்கம் வேலை.

“முடிஞ்சிருக்காது மச்சான். தூள் ஒரு பக்கமா ஒதுங்கியிருக்கும். நம்ம சல்லடையில அடைச்சுக்கிட்டா என்னா செய்வோம்? ஆட்டுவோம்ல?”

நோய் சரிதான். வைத்தியம்தான் பெக்டரி வைத்தியம். டோனர் பெட்டியைக் கழற்றி ஒரு முனையை அவன் பிடித்தான், மறுமுனையை நான் பிடித்தேன். “டடடட” என்று வாயால் மெசின் சத்தமும் கொடுத்துக்கொண்டு ஆட்டினோம். கறுப்பாக ஒரு மேகம் கிளம்பியது. அது அடங்கியபோது அவனுக்கு மீசை அடர்ந்திருந்தது, கரோலுக்கென்று நான் போட்டிருந்த வெள்ளைச் சட்டை எருமைக் கன்றாகியிருந்தது. குளிர்பிரதேச மூளை எதற்கெடுத்தாலும் சுடுதண்ணீரைத்தான் தேடும். அடுப்பில் கொதித்த தண்ணீரை எடுத்து, கழற்றிய சட்டையில் ஊற்றினேன். சூட்டில் உருகி ஒட்டுவதற்கென்றே செய்த தூள் அது. சட்டையில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

மனைவி டோனர் பெட்டியை எங்களிடமிருந்து பிடுங்கினாள். சேலைத் தொட்டிலில் தூங்கிய பிள்ளையைத் தூக்கித் தம்பி கையில் திணித்தாள். பெட்டியைப் பழைய பேப்பரில் சுற்றித் தொட்டிலில் படுக்கவைத்தாள். இடமும் வலமுமாக, பிள்ளையை ஆட்டுவதைவிட மெதுவாக ஆட்டினாள்.

“தூளு ஒரே சீராப் பரவணும், அவ்வளவுதான். இதுக்குப் போய் மல்லுக்கட்டுறீங்களே ரெண்டு பேரும்!”

தொட்டில் பறிபோன ஆத்திரத்தில் பிள்ளை அலறியது. மீசைக்கார மாமன் ஆராரோ பாட, அலறல் இரட்டிப்பானது.

பெட்டியை மாட்டி ஒரு தாள் எடுத்தோம். எழுத்து நல்ல கறுப்பாக வந்தது! ஆனால் எவ்வளவு தூரம் தாங்கும்?

“மொதல்ல வானத்த எடுங்க” என்றாள்.

“நட்சத்திரத்தையாவது...”

“அது வெளிய நெறைய இருக்கு. பல்லவிய என்னாத்துக்கு ஒவ்வொரு சரணத்துக்குக் கீழயும் போட்டிருக்கீங்க? அது எல்லாருக்கும் மனப்பாடம். ஒரு தடவ போதும்.”

வானம் போனது, ஓரத்தில் வரைந்த மணிகள் போயின, மூலையில் மிகச் சிறியதாக நான் போட்டிருந்த என் பெயரும் போனது. மிஞ்சியது வெறும் பாட்டு. எழுத்து மங்கும்போதெல்லாம் டோனர் தொட்டிலுக்குப் போய் வந்தது. தாள்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கடைசித் தாளில் மட்டும் நடுவில் மேலிருந்து கீழ்வரை வெள்ளைக் கோடு விழுந்து, வரிக்கு ஒரு சொல் காணாமல் போயிருந்தது. அதற்குமேல் தொட்டிலும் கைவிட்டது.

“இது உங்களுக்கு” என்றாள்.

மேல் லயத்து முதல் காம்பரா வீட்டின் வாசலில் டோர்ச்சுகள் எரிந்தன. என் மனைவி கையை உயர்த்தினாள். எல்லோரும் ஒரே சரணத்தில், ஒரே சொல்லில், ஒன்றாகத் தொடங்கினார்கள். பாலன் பிறந்தபிறகுதான் ஞானிகள் வந்தார்கள். அவள் தோள் தளர்ந்து இறங்கியதைப் பின்வரிசையிலிருந்து பார்த்தேன். சந்தோஷத்தில் நானும் தொண்டையைத் திறந்தேன். வெள்ளைக் கோடு வந்த இடத்திலெல்லாம் “ம்ம்ஊம்” என்று போட்டு நிரப்பினேன்.

பாட்டு முடிந்து பிளேன்டீ வந்தது. வீட்டுக்கார அக்கா என் மனைவியிடம் குனிந்து கேட்டார்:

“நல்லாப் பாடுனீங்கம்மா. ஆனா பின்னால நம்ம பள்ளிக்கூடத்து சேர் மட்டும் என்னா பாசையில பாடுனாரு?”

“லத்தீனுங்க” என்றாள் மனைவி, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். “படிச்சவருல்ல.”