சும்மா இருக்கும் வேலை

மணி அடித்து இயந்திரங்கள் ஓடத் தொடங்கியதும் அவருடைய வலது காலும் தரையை மிதிக்கத் தொடங்கிவிடும். காலுக்கடியில் பெடல் கிடையாது. எதிரில் தையல் இயந்திரமும் கிடையாது. ஸ்டோர் ரூம் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். ஷிப்ட் முடியும்வரை கம்பெனி அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை அவ்வளவுதான்.

பேக்கிங் மேஜையில் நிற்கும் எனக்கு அவர் நேர் எதிரே தெரிவார். ஒல்லியான உடம்பு, கழுத்தைச் சற்று முன்னால் நீட்டிக் குனிந்த தோள். காலமெல்லாம் ஊசியைப் பார்த்தவர்களின் தோள். சட்டைக் காலர் தைப்பதில் இந்தத் தளத்திலேயே அவர் கைதான் சுத்தம் என்பார்கள். இப்போது அந்தக் கை ஒரு கைக்குட்டையின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் சம்பளம் வருகிறதாம். அதனால் பெயர் 'மகாராணி'. யாராவது அப்படிக் கூப்பிட்டால் கோபப்படுவதில்லை. "மகாராணி காலு மரத்துப் போச்சுடி, வழிய விடுங்க" என்று எழுந்து நடப்பார்.

இவ்வளவும் ஒரு கதவால் வந்தது. துணி திருட்டுப் போகிறது என்று பின்வாசலை நிர்வாகம் பூட்டி வைத்திருந்தது. ஒருநாள் அயர்ன் பிரிவில் வயர் கருகிப் புகை மண்டியது. எல்லோரும் பின்வாசலுக்கு ஓடினோம். பூட்டில் முட்டிக்கொண்டு நின்றோம். நல்லவேளை, புகை தானாக அடங்கியது. மறுநாளும் பூட்டு தொங்கியது. இவர் மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. நேரே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தார். ஆய்வாளர் வந்தார், பூட்டு போனது. கையோடு இவர் வேலையும் போனது. சூப்பர்வைசரைத் தரக்குறைவாகத் திட்டினார் என்று குற்றச்சாட்டு. அந்த இளம் சூப்பர்வைசரும் விசாரணையில் நின்று, "ஆமா, திட்டினாங்க" என்று சாட்சி சொன்னாள்.

வருடக்கணக்கில் இழுத்த வழக்கில் இவர் ஜெயித்தார். திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும் என்றது தீர்ப்பு. எடுத்தார்கள், இயந்திரத்தைத்தான் கொடுக்கவில்லை. அதற்கும் ஒரு மனு போட்டிருக்கிறார் வக்கீல்.

"எதுக்கும்மா இந்தக் கஷ்டம்? ராஜினாமா குடுத்துட்டு வீட்ல நிம்மதியா இருக்கலாமே" என்று மேனேஜர் ஒருநாள் வந்து நின்றார்.

"வீட்ல வேல ஜாஸ்தி சார். இங்கதான் ரெஸ்ட்டு."

அன்று மாலை பஸ் ஸ்டாப்பில் என்னிடம் வேறு மாதிரி சொன்னார். "அவரு முன்னால அப்படித்தான் சொல்லணும். சும்மா இருக்குறது லேசில்ல. ராத்திரி உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குது. எங்க வீட்டுக்காரர் கேக்குறாரு, உக்காந்ததுக்கா இந்த வலின்னு. என்னத்தச் சொல்ல?"

போன வாரம் நாங்கள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அந்தச் சூப்பர்வைசர் வந்தாள். வயிற்றில் ஆறு மாதம். முகம் வீங்கியிருந்தது. இவரைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் தள்ளியே நின்றாள். பிறகு பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, என்னைய வேலைய விட்டு நிக்கச் சொல்லிட்டாங்க. புள்ளத்தாச்சிய வச்சு தையல் லைனப் பாக்க முடியாதாம். நீயாவே எழுதிக் குடுத்துட்டுப் போன்னு மேனேஜர் சொல்றாரு."

அவள் இன்னும் ஓரடி கிட்டே வந்தாள்.

"உங்களுக்கு எதிரா நான் சாட்சி சொன்னவதான். உங்ககிட்ட கேக்க எனக்கு மூஞ்சி இல்ல."

"தெரியும். எதிர்லதான நின்னேன்."

எனக்கு மனதுக்குள் திருப்தியாகத்தான் இருந்தது. இவர் அவளை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

"எதுலயாவது கையெழுத்துப் போட்டியா?" என்றார்.

"இல்லக்கா."

"போடாத. நாளைக்கு எப்பவும்போல வேலைக்கு வந்து நில்லு. உள்ள விடலன்னா கேட்ல நில்லு. நீயா போனேன்னு அவங்க சொல்ல வழி வச்சிராத."

பையிலிருந்து போனை எடுத்து வக்கீலின் எண்ணை அழுத்தி, "ஒண்ணு விடாம சொல்லு" என்று நீட்டினார். அவள் அதைத் தலைகீழாகக் காதில் வைத்தாள். இவரே அதை வாங்கி அவள் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் பஸ் வந்து நின்றது. நான் படியில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். போனைப் பிடித்த கையை எடுக்காமலே, பஸ்ஸைப் போகச் சொல்லி மறு கையை அசைத்தார்.