எலுமிச்சம்பழத்தோடு ஒரு ஸ்கேன்

என் எட்டு வயது மகளுக்குச் சில நாட்களில் சாப்பிட உட்கார்ந்தாலே தாடைக்குக் கீழே வீங்கும். கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும். "பொன்னுக்கு வீங்கிதான்" என்று நாத்தனார் தன் தங்கச் செயினை அவள் கழுத்தில் போட்டுவிட்டார். நானும் நம்பினேன். ஒரே வருஷத்தில் மூன்றாவது தடவை அப்படி வந்தபோதுதான், பொன்னுக்கு வீங்கி இத்தனை தடவை வராதே என்று எனக்கு உறைத்தது.

டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் என்றாலே வெறும் வயிறு என்று நானாக நினைத்து, பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கூட்டிப்போனேன். அன்று பார்த்து வீக்கமே இல்லை.

"ஒண்ணும் இல்லம்மா, நார்மல்" என்றார் ஸ்கேன் டாக்டர்.

"சாப்பிட்டாத்தான் வீங்குது மேடம். இன்னொரு தடவை பாருங்க."

"வெளிய எவ்ளோ பேரு உக்காந்திருக்காங்க, பாத்தீங்களா?"

"கடைசியா வர்றோம். பாக்காம போமாட்டேன்."

எல்லோரும் போகும்வரை உட்கார்ந்திருந்தோம். எங்கள் முறை வந்ததும், எதிர்க்கடையில் வாங்கிய எலுமிச்சம்பழத்தை மகள் வாயில் பிழிந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. மறுபடி ஸ்கேன் செய்த டாக்டர், திரையை என் பக்கம் திருப்பினார். எச்சில் வரும் குழாய் புடைத்திருந்தது. அதன் நுனியில் அரிசி அளவுக்கு ஒரு கல் அடைத்திருந்தது. பிறகு அதை வாய் வழியாகவே எடுத்துவிட்டார்கள்.

இப்போதெல்லாம் டெஸ்ட் சீட்டை வாங்கும்போதே, சாப்பிட்டு வர வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டுக்கொள்கிறேன். வீக்கமோ தடிப்போ, வந்த நேரத்திலேயே போனில் படம் எடுத்து வைக்கிறேன். அந்த சென்டரில் எனக்குச் சண்டைக்காரி என்று பெயராம். இருக்கட்டும். இனி யார் 'நார்மல்' என்று சொன்னாலும், "வீங்கினப்போ பாத்தீங்களா?" என்று கேட்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

– ஒரு வாசகி, நெல்லித்தோப்பு, புதுச்சேரி