டிரைவர் ஏறும் படி

கைப்பிடிக் கம்பியின் இரண்டாவது முனையும் துளைக்குள் இறங்கும்வரை அவள் மூச்சு விடுவதில்லை. கம்பி தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். முதல் முனை எளிதில் போய்விடும். இரண்டாவதை இறக்கும்போது முதலாவது வெளியே வந்துவிடும். இன்று ஒருவழியாக இரண்டும் உட்கார்ந்தன. இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, எஞ்சினைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"இப்பத்தான் பிடிச்சு ஏற ஒரு கம்பி இருக்கு."

மாதிரி ரயில் எஞ்சின். ஒரு முழங்கை நீளம்கூட இருக்காது. பித்தளைத் தகட்டை வெட்டி, மடித்து, பற்றவைத்துச் செய்தது. மோட்டாரும் சக்கரங்களும் மட்டும் கடையில் வாங்கியவை. மற்றவையெல்லாம் அவளுடைய தொழிற்கருவிகளால் ஆனவை. மெழுகு சீவும் கத்தி, பல் ராவும் முனைகள், கம்பி வளைக்கும் குறடு.

ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் பல்செட் கட்டுகிறாள். தெருவுக்கு அவள் பல்லக்கா. நோயாளிகளை அவள் பார்ப்பதில்லை. அவர்களுடைய வாய்கள் வெள்ளை அச்சுகளாக அவளிடம் வந்து சேரும். கடைவீதியில் யாராவது சிரித்தால் மேல்வரிசையை வைத்து ஆளைத் தெரிந்துகொள்வாள். பேருந்து நிறுத்தத்தில் ஒருமுறை முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம், "சார், உங்க கீழ்செட்டு ஆடுது, கட்டினவங்ககிட்டயே கொண்டுபோய்க் குடுங்க" என்றாள். பேருந்து வரும்வரை அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டதற்கு, "தப்பைப் பாத்துட்டுச் சும்மா வந்தா எனக்குச் சோறு இறங்காது" என்றாள்.

எனக்கும் இரண்டு பல் அவள் கட்டியதுதான். கழற்றி மாட்டும் வகை. அடுத்த வீட்டுக்காரன் என்ற உரிமையில் அதை அவ்வப்போது சொல்லிக்காட்டுவாள். நிலையாகக் கட்டியிருக்கவேண்டுமாம், பயந்துபோய்ப் பின்வாங்கிவிட்டேனாம். "கழட்டி மாட்டுறதெல்லாம் ஒப்புக்குத்தாங்க. உள்ள இருந்தா பல்லு, வெளிய எடுத்தா சாமான்."

பல்லக்கா வீட்டின் உள்ளறையில் நான்கு சுவரையும் ஒட்டி இடுப்பு உயரத்தில் பலகை ஓடுகிறது. பலகைமேல் தண்டவாளம், ஒரு குட்டி நிலையம். வாசல் இருக்கும் இடத்தில் மட்டும் தூக்கி எடுக்கும் ஒரு துண்டுப்பாலம். யாராவது உள்ளே போகவேண்டுமென்றால் பாலத்தைத் தூக்கவேண்டும், அல்லது குனியவேண்டும். பல்லக்கா குனிவாள். அவள் கணவருக்கு முதுகுவலி, தூக்குவார்.

சரக்கு வண்டிகள் அலமாரியில், பல்செட் வைத்துத் தரும் மூடிபோட்ட பெட்டிகளுக்குள் பஞ்சில் படுத்திருக்கின்றன. பெட்டிக்கு ஒன்று. எதுவும் புதிதாக இருக்காது. முதலில் வண்டியைப் பளபளவென்று செய்துமுடிப்பாள். பிறகு பல நாள் உட்கார்ந்து அழுக்காக்குவாள். ஜன்னல் கம்பியில் சுரண்டிய துருவைப் பொடித்து மூலைகளில் தேய்ப்பாள். கதவின் கீழ்விளிம்பில் ஒரு நசுங்கல். மழைநீர் வழிந்த கோடுகள். பல்லிலும் அப்படித்தான் செய்வாளாம். வயதானவர்களின் செட்டில் லேசாக டீக்கறை ஏற்றிவிடுவாளாம். "அறுபது வயசு மூஞ்சியில இருபது வயசுப் பல்லு இருந்தா, பல்லுதான் முன்னாடி வரும்."

வண்டிகளின் அடிப்பக்கத்தில் பிரேக் கம்பிகள், அவற்றின் முடிச்சுகள், காற்றுக்குழாய், எல்லாம் உண்டு. தலைகீழாகக் கவிழ்த்தாலன்றித் தெரியாது. அடியில் யார் படுத்துப் பார்க்கப்போகிறார்கள் என்று கணவர் கேட்பார்.

"பல்லோட உள்பக்கத்தை யாரு பாக்குறா? நாக்குக்குத் தெரியும்ல" என்பாள்.

மனிதர்களை மட்டும் அவள் செய்வதில்லை. நிலையத்தில் ஆளில்லை, எஞ்சினில் ஆளில்லை. அசையாமல் நிற்கும் மனிதர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறதாம்.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். தண்டவாளம் அவருடைய இலாகா. ஆணி அடிப்பது, மட்டம் பார்ப்பது, ஒயர் இழுப்பது எல்லாம் அவர். அதன்மேல் ஓடுவது பல்லக்காவின் இலாகா. ஒருவர் வேலையில் மற்றவர் கைவைப்பதில்லை. வேலை முடிந்து வந்ததும் சீருடையோடு ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு ரயிலை ஓடவிடுவார். அது அறையைச் சுற்றிச் சுற்றி வரும். நிறுத்தமாட்டார். நாளெல்லாம் நிறுத்தம் நிறுத்தமாக நின்று வந்தவருக்கு அதுதான் வேண்டியிருக்கிறது. "ஏற ஒருத்தன் இல்ல, இறங்க ஒருத்தன் இல்ல. சில்லறைச் சண்டை இல்ல. அது பாட்டுக்குப் போகுது பாருங்க" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். பல்லக்காவுக்கு ரயில் ஓடுவதில் பெரிய அக்கறை கிடையாது. ஓடினால் ஒன்றும் தெரியாது என்பது அவள் கட்சி. நின்றால்தான் பார்க்கலாம்.

இந்த எஞ்சின் வந்தபிறகு தகராறு வந்தது. அறையின் ஒரு மூலையில் கட்டடத்தின் தூண் உள்ளே துருத்திக்கொண்டிருக்கிறது. அங்கே தண்டவாளம் தூணைச் சுற்றி இடுப்பை ஒடித்துத் திரும்பும். சிறிய வண்டிகள் போய்விடும். இது நீள எஞ்சின். டிரைவர் ஏறுவதற்காகப் பின்பக்கம் இரண்டு புறமும் படிகள் தொங்குகின்றன. ஒவ்வொரு புறமும் மேல்படியும் கீழ்ப்படியும் சேர்ந்து ஒரே துண்டு, கீழ்ப்படி மேல்படியைவிட மயிரிழை முன்னால் நீண்டிருக்கும். வளைவில் பின்சக்கரங்கள் ஒருபக்கமாக ஒதுங்கும்போது படியில் உரசுகின்றன. சக்கரத்தில் மின்சாரம், படி பித்தளை. தொட்டதும் ஒரு பொறி. எஞ்சின் நின்றுவிடும்.

படியை எடுத்துவிடு என்றார் கணவர். முடியாது என்றாள் அவள். வளைவை அகலப்படுத்தச் சொன்னாள். தூணை என்ன செய்ய என்றார் அவர். உளி எடுத்துத் தூணின் பூச்சை ஒரு விரல் அளவு செதுக்கியும் பார்த்தார். போதவில்லை. மிச்சமிருப்பது இரண்டே வழி. படி போகவேண்டும். அல்லது தூணருகே தண்டவாளத்தை அறுத்து, சுற்றுப்பாதையே இல்லாமல் செய்யவேண்டும். அந்த வாரம் முழுக்கச் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது இதுதான்.

"எஞ்சினுக்குள்ள டிரைவரே இல்ல. அப்புறம் யாரு ஏற படி?"

"இறங்கிப் போயிருக்காரு. திரும்பி வந்தா எப்படி ஏறுவாரு?"

ஞாயிற்றுக்கிழமை, இதே பைத்தியம் பிடித்த ஐந்தாறு பேர் புது எஞ்சினைப் பார்க்க வந்தார்கள். என் வீட்டு மடக்கு நாற்காலிகளைக் கொடுத்திருந்தேன். பாலத்தைத் தூக்கி எல்லாரையும் உள்ளே விட்டு மறுபடி பொருத்தினார் கணவர். எஞ்சின் கைமாறி வலம் வந்தது. மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்குக்கு அருகே வைத்துப் பார்த்து, வெகுநேரம் தரவில்லை. பிறகு தண்டவாளத்தில் ஏற்றினார்கள். மெதுவாக விட்டால் போகும் என்று பல்லக்கா சொல்லியிருந்தாள். முதல் சுற்று போயிற்று. இரண்டாவது சுற்றில், தூணருகே ஒரு பொறி. எஞ்சின் நின்றது. கணவர் விரலால் தள்ளிவிட்டார். அடுத்த சுற்றிலும் அதே இடம்.

வங்கியில் வேலைபார்ப்பவர் பையிலிருந்து சின்னக் கட்டரை எடுத்தார். "ரெண்டு நிமிஷ வேலை மேடம். வளைவுக்காக நாங்க எல்லாருமே நறுக்கிடறதுதான். ஓடும்போது யாருக்கும் தெரியாது."

பல்லக்கா எஞ்சினுக்கும் அவருக்கும் நடுவில் கையை வைத்தாள். அவள் முகத்தைக் கணவர் பார்த்தார். பிறகு மின்சாரத்தை நிறுத்தினார்.

"கட்டரை உள்ள வைங்க சார். கோளாறு வளைவுல இருக்கு. வளைவு என்னோடது." நாளை வேலை முடிந்து வந்ததும் தூணைச் சுற்றியுள்ள துண்டைப் பிடுங்கிவிடப்போவதாகச் சொன்னார். இனி ரயில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகும், திரும்பி வரும்.

"அப்ப சுத்தாதா?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர்.

"சுத்தாது. பஸ்ஸுதான்." அவரே சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

"உங்களை யாரு பிடுங்கச் சொன்னா?" என்றாள் பல்லக்கா.

"நீ சொல்லல. படியை நீ வெட்டுவியா?"

"மாட்டேன்."

"அப்ப விடு."

அவர் கம்பளித் துணியால் எஞ்சினைத் துடைத்து அவள் கையில் கொடுத்தார். ஆணி பிடுங்கும் குறட்டைத் தேடி எடுத்து, மறக்காமலிருக்கப் பலகைமேல் தூணருகே வைத்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. சாயங்காலம் என் நாற்காலிகளை எடுத்துவரப் போனேன். பல்லக்கா வந்துவிட்டிருந்தாள். எஞ்சின் தண்டவாளத்தில் நின்றது. படிகள் இல்லை. பக்கத்தில் ஒரு பல்செட் பெட்டி. மூடியைத் திறந்து காட்டினாள். பஞ்சின்மேல் இரண்டு புறத்துப் படிகளும் கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் வளைந்த ஒரு கம்பிக் கொக்கி, என் பல்லின் இரண்டு ஓரத்திலும் இருப்பதைப் போல. காலையில் எஞ்சினை மருத்துவமனைக்கு எடுத்துப்போயிருக்கிறாள். இழைரம்பத்தால் தானே அறுத்திருக்கிறாள். அன்று முடிக்கவேண்டிய ஒரு மேல்செட் நாளைக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

"ராத்திரி தண்ணியில போடணுமா?" என்று கேட்டேன்.

"பித்தளை. கறுத்துப்போகும்" என்றாள். சிரிக்கவில்லை.

கணவர் சீருடையோடு வந்தார். குறட்டைக் கையில் எடுத்தபிறகுதான் எஞ்சினைப் பார்த்தார்.

"வெட்டிட்டியா?"

"கழட்டி மாட்டுறது" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஓடும்போது கழட்டணும். நின்னா மாட்டணும். மறந்துடாதீங்க."

அவர் குறட்டைக் கீழே வைத்தார். எஞ்சினை ஓடவிட்டார். தூணைச் சுற்றிப் போயிற்று. மறுபடியும் போயிற்று. அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் தூண் பக்கம் திரும்பாமல் ஒரு அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலிகளை மடக்கிச் சுவரில் சாய்த்தேன். எத்தனை சுற்று என்று யாரும் எண்ணவில்லை. பிறகு அவராகவே வேகத்தைக் குறைத்து, நிலையத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பெட்டியிலிருந்து இடுக்கியால் ஒரு படியை எடுத்து மாட்டினார். பிறகு மற்றது. கொக்கி விழும் சத்தம் இரண்டு முறை கேட்டது.

"ஏறிக்கலாம்" என்றார்.

இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்தார். கீழ்ப்படிகள் முன்னால் நீள்வதற்குப் பதிலாகப் பின்னால் போயிருந்தன. எனக்கே தெரிந்தது. பல்லக்கா கொஞ்ச நேரம் எஞ்சினைப் பார்த்தாள்.

"ஆமா, ஏறிக்கலாம்" என்றாள்.

அவர் பாலத்தைத் தூக்கி வெளியே போனார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டபிறகு, அவள் இடுக்கியை எடுத்து, இரண்டு படிகளையும் கழற்றி, இடம் மாற்றி மாட்டினாள்.