மூளையை இழுத்துக் கட்டச் சொன்ன மேனேஜர்

வெயிலில் காயும் காப்பிக் கொட்டைக்கு லேசாகப் புளித்த ஒரு வாசம் உண்டு. நாகலூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். எண்பதுகளில், என் இருபத்திரண்டாவது வயதில், நான் டைப்பிஸ்ட்டாக இருந்த எஸ்டேட் ஆபீஸ் முழுக்க அந்த வாசம்தான்... ஜன்னலுக்கு வெளியே கொட்டை காயும் களம்.

எங்கள் மேனேஜர் வாயைத் திறந்தால் ஒரே இங்கிலீஷ். சாவியைக் காணோமா, ஃபைலைக் காணோமா, "ரேக் யுவர் ப்ரெய்ன்ஸ்!" நன்றாக யோசி என்று சொல்கிறார், அது புரிந்தது. அதை ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்றுதான் புரியவில்லை.

இன்றைக்குப் போல போனில் தட்டிப் பார்க்க முடியுமா என்ன? ஒரு லீவு நாளில் பஸ் ஏறி ஏற்காடு போய், நூலகத்தில் தடித்தடியான புத்தகங்களைப் புரட்டினேன்.

ரேக் என்பது அந்தக் காலத்துச் சித்திரவதைக் கட்டிலாம். ஆளைப் படுக்க வைத்து, கையையும் காலையும் கட்டி, உருளையைத் திருகித் திருகி இழுப்பார்களாம். மூட்டே கழன்றுவிடும். கேட்கிறவருக்கு வேண்டிய பதில் வரும்வரை இழுப்பு நிற்காது.

நாமாவது மூளையைக் கசக்குவதோடு விட்டுவிடுகிறோம்... அடப்பாவிகளா என்று சிரித்துக்கொண்டே ஊர் திரும்பினேன்.

அந்த மார்கழியில் சிரிப்பு போனது.

களத்துக்குப் பொறுப்பு ராசாத்தியக்கா. ஒரு நாள் மதியம், நல்ல வெயில் அடிக்கும்போதே அக்கா கொட்டையைக் குவித்துத் தார்ப்பாய் போட ஆரம்பித்துவிட்டார். பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறினால் மழை நிச்சயம். எங்கள் மலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கீழே சமவெளியிலிருந்து வந்த மேனேஜருக்கு வெயில் மட்டும்தான் தெரிந்தது.

"ஏனுங்க சார், மூட்டம் ஏறுதுங்க. மழ வந்துருமுங்க."

"வேலை செய்ய வலிக்குதா? எல்லாத்தையும் பிரிச்சுப் போடு!"

பிரித்துப் போட்டார்கள். அரை மணி நேரத்தில் கொட்டித் தீர்த்தது. இரண்டே நாளில் கொட்டை பூசணம் பிடித்துவிட்டது.

முதலாளி விளக்கம் கேட்டார். அக்கா தூங்கிவிட்டதாக மேனேஜர் ஒரு கடிதம் எழுதினார். அதை நான் டைப் அடித்து, நேரில் பார்த்த சாட்சியாகக் கையெழுத்தும் போட வேண்டுமாம். அக்காவின் வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போய்விடும். அக்காவுக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

"அக்கா தூங்கலீங்களே சார். நீங்கதானுங்க பிரிக்கச் சொன்னீங்க."

"நல்லா யோசிம்மா. ரேக் யுவர் ப்ரெய்ன்ஸ். தூங்கினது ஞாபகம் வரும்."

அந்தக் கட்டில் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடந்தது என் ஞாபகத்தில் இருந்தால் அவருக்குப் போதாது. அவருக்கு வேண்டியது என் வாயில் வர வேண்டும்.

என் வேலையும் போய்விடும் என்ற பயம் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் கோபம் அதைவிட அதிகமாக இருந்தது. வேறொரு தாளைச் சொருகி, நடந்ததை நடந்தபடி அடித்தேன். கையெழுத்துப் போட்டேன். முதலாளி பங்களாவுக்கு நானே நடந்து போய்க் கொடுத்தேன்.

அக்காவின் வேலை தப்பியது. அடுத்த மாதமே ஏதோ ஒரு காரணம் சொல்லி என்னை அனுப்பிவிட்டார்கள்.

பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றபோது அக்கா ஓடி வந்து அழுதார். "எனக்காவ உம் பொழப்பக் கெடுத்துக்கிட்டயே கண்ணு..."

"அதென்னக்கா நொம்பப் பெரிய வேல? நீங்க ஊட்டுக்குப் போங்க, புள்ளைங்க தேடும்."

பிறகு சேலத்தில் முப்பது வருஷம் ஆபீஸ் உத்தியோகம். ஏசி ரூம், மீட்டிங், "ஒரு கையெழுத்துதானே மேடம்" என்று சிரிக்கும் ஆட்கள். சில இடங்களில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன், மறைக்கவில்லை. அந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

"கொஞ்சம் அனுசரித்துப் போயிருக்கலாமே" என்று இன்றும் கேட்கிறவர்கள் உண்டு. கேட்கட்டும். இன்றைக்கு அந்த டைப்ரைட்டர் முன்னால் உட்கார வைத்தாலும் அதையேதான் அடிப்பேன்.