பூஜை போட்ட மிஷின்

எங்கள் திருவண்ணாமலையில் வெளிநாட்டுக்காரர்களை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மலையைச் சுற்றவும் கண்ணை மூடி உட்காரவும் வருகிறவர்கள் அவர்கள். அன்று நான் காரில் அழைத்துப் போன அம்மையாரோ கேள்வி கேட்க வந்தவர். அவர் நாட்டு உதவிப் பணத்தில்தான் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமத்துப் பெண்கள் எண்ணெய் மிஷின் போட்டிருந்தார்கள். அதுவரை வேர்க்கடலையை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, மூட்டையாக வியாபாரியிடம் தள்ளிவிட்டவர்கள், ஒரு வருடமாக ஆட்டி எண்ணெயாக விற்றார்கள். வாடிக்கையாளர்கள் அப்போதுதான் சேர ஆரம்பித்திருந்தார்கள். உதவி இன்னும் ஒரு வருடம் நீளுமா, இத்தோடு நிற்குமா என்பது அம்மையார் எழுதப்போகும் அறிக்கையில் இருந்தது. நின்றால் மிஷினை விற்க வேண்டியதுதான்.

வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் சின்னத் தொண்டு நிறுவன ஆபீசில் அந்தப் பெண்கள் குழுவுக்கு நான்தான் பொறுப்பு. மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. குழுத் தலைவி அக்காவிடம் போனில் திரும்பத் திரும்பச் சொன்னேன், "இடம் பளிச்னு இருக்கணும்க்கா." மிஷின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்க வேண்டும். தினமும் ஓடுவது அன்றைக்கும் ஓடத்தானே போகிறது என்று விட்டுவிட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. மிஷினைத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, தேங்காய் உடைத்திருந்தார்கள். பெரிய விருந்தாளி வருகிற நாளில் தொழிலுக்கு மரியாதை செய்யாமல் இருக்கலாமா என்பது அக்காவின் கணக்கு. எல்லோரும் பட்டுப்புடவையில் வரிசையாக நின்றார்கள். தரையில் ஒரு கடலைத் தோல் கிடையாது.

அம்மையார் கடலை கொட்டும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"இது எப்போதாவது ஓடுகிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தினமும்" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

"அப்படியானால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்."

அக்காவிடம் சொன்னதும் அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இன்னைக்கு எப்படி மேடம் ஓட்டறது? பூஜை போட்டாச்சே. நாளைக்குக் காலையில வரச் சொல்லுங்க. ரெண்டு மூட்டை மல்லாட்டை ரெடியா வெச்சிருக்கோம்."

பூஜையில் வைத்ததை அன்று தொடக் கூடாது. என் வீட்டிலும் ஆயுத பூஜையன்று ஸ்கூட்டியை எடுக்க மாட்டோம். அம்மையாருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நோட்டில் எதையோ எழுதினார். மறுநாள் காலையில் அவருக்குச் சென்னையில் விமானம்.

உதவியால் வளர்ச்சி என்று எத்தனையோ விண்ணப்பங்களில் நானே எழுதியிருக்கிறேன். பொய்யில்லை. இந்தப் பெண்கள் இப்போது வியாபாரி சொல்லும் விலைக்குத் தலையாட்டுவதில்லை. ஆனால் கொடுப்பவர் வந்து நிற்கும் ஒரு மணி நேரத்தில் அது கண்ணில் படவில்லை என்றால், ஒரு வருட உழைப்பும் நடக்காததுதான்.

"அக்கா, உங்க கால்ல வேணா விழறேன். அஞ்சே நிமிஷம் ஓட்டிக் காட்டிடுங்க."

அக்காவின் சிரிப்பு போய்விட்டது. பிறகு மாலையைக் கழற்றி, மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சுவிட்சின் மேலிருந்த குங்குமத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். மற்ற பெண்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கடலையைக் கொட்ட, மிஷின் இரைந்தது, எண்ணெய் இறங்கியது. அம்மையார் கைதட்டிப் படம் எடுத்தார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். எனக்கே அருவருப்பாக இருந்தது.

இரண்டு வாரம் நெருப்பின் மேல் நின்றேன். மெயில் வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"கிடைச்சிடுச்சுக்கா! இன்னும் ஒரு வருஷம்!"

"சந்தோஷம் மேடம்." உடனே கேட்டார், "வருஷம் முடியறப்ப திரும்ப வந்து பாப்பாங்களா?"

"பாப்பாங்கக்கா."

"அதுக்குள்ள நாங்களே நின்னுக்கறோம். அப்புறம் யாரும் வந்து பாக்க வேணாம்."

உதவி என்பதே இந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காகத்தான். நான் துள்ளியிருக்க வேண்டும். 'யாரும்' என்றதில் நானும் சேர்த்தியா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.