வடத்தின் நடுவே ஒரு பெட்டி

பழைய கணினி எந்நேரமும் அடங்கிவிடும் நிலையிலிருந்தது. அதிலுள்ள என் கட்டுரைகளைப் புதியதற்கு மாற்ற, கோவில்பட்டியில் ஒரு யுஎஸ்பி வடம் வாங்கினேன். அதன் நடுவே ஒரு சிறு பெட்டி புடைத்திருந்தது.

"அது இல்லாம ரெண்டும் பேசாது அண்ணாச்சி. ரெண்டுமே தன்னத்தான் மொதலாளின்னு நெனைக்கும்" என்றார் கடைக்காரர்.

இணைத்தேன். ‘மறுகணினி இசைவு தந்துவிட்டதா?’ என்று இரு திரைகளும் கேட்டன. தரவில்லை என்பதால் இரண்டிலும் ‘இல்லை’ என்றே அழுத்தினேன். இரண்டும் மீண்டும் அதையே கேட்டன. எரிச்சல் முற்றியபோது பார்வதி அத்தை நினைவுக்கு வந்தார்.

இடைசெவலில் எங்கள் வீட்டின் முன்கட்டில் பெரியப்பா, பின்கட்டில் அப்பா. இருவருக்கும் பேச்சில்லை, ஏர் பூட்ட இரண்டு காளை வேண்டும், ஆளுக்கு ஒன்றுதான் இருந்தது. மழை பெய்து கரிசல் உழவுக்குப் பதமான காலையிலும் அத்தைதான் நடுவே நடந்தார்.

"அவன் மொதல்ல கேக்கட்டும் பார்வதி."

"அவிய மொதல்ல கேக்கட்டும்க்கா."

வெயில் ஏறியது, ஈரம் காயத் தொடங்கியது. அத்தை முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார்.

முன்கட்டில், "தம்பி கேட்டுட்டான், எந்திரிங்க" என்றார்.

பின்கட்டில், "அண்ணன் கேட்டுட்டாவ, எந்திரிலே" என்றார்.

பெரிய சலுகை காட்டும் முகத்தோடு இருவரும் காளையை அவிழ்த்து வந்தார்கள். விதைப்பு நடந்தது.

திரைகள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தன. இரண்டிலும் ‘ஆம்’ என்று பொய் சொன்னேன். கட்டுரைகள் நகரத் தொடங்கின.